பகைக்கும் ஊர் வேண்டும்: ஆக்‌ஷன் ரீமேக்குகளின் பலமும் பலவீனமும்

2024 ஏப்ரலில் 'கில்லி' மறுபடியும் தியேட்டருக்கு வந்தது. இருபது வருடப் பழைய படம். டி.வி.யில் எத்தனை முறை போட்டார்கள் என்பதற்குக் கணக்கே கிடையாது. வசனங்கள் பலருக்கு மனப்பாடம். இருந்தும் கூட்டம் அலைமோதியது. அதே வருடம் கிறிஸ்துமஸ் அன்று இந்தியில் 'பேபி ஜான்' வெளியானது. அட்லீ இயக்கிய 'தெறி'யின் (2016) ரீமேக் அது. தயாரிப்பிலும் அட்லீக்குப் பங்கு இருந்தது, நாயகன் வருண் தவான். செலவுக்குக் குறைவில்லை, சண்டைக்கும் குறைவில்லை. ஆனாலும் படம் சீக்கிரமே தியேட்டரை விட்டுப் போனது.

'கில்லி'யும் ரீமேக்தான் என்பது பல ரசிகர்களுக்கு மறந்தே போய்விட்டது. ஒரு ரீமேக் அடையக்கூடிய பெரிய வெற்றி அதுவாகத்தான் இருக்கும். வேறு மொழியில் ஓடிய ஆக்‌ஷன் படத்தை எடுத்துத் தன் ஊர்ப் படமாக்கிக்கொள்வது ஏன் சிலருக்குக் கைகூடுகிறது, ஏன் பலருக்குக் கைநழுவுகிறது? நகைச்சுவைப் படத்துக்கும் குடும்பப் படத்துக்கும் இதே கேள்வி உண்டு. ஆக்‌ஷன் படத்தில் அது இன்னும் கூர்மையாகிறது. அடி உதைக்கு மொழி கிடையாது, ஆகவே ஆக்‌ஷன் படத்தை ரீமேக் செய்வதுதான் ஆக எளிது என்று தொழிலில் ஒரு நம்பிக்கை உண்டு. ஐம்பது வருட அனுபவத்தைப் புரட்டிப் பார்த்தால் அந்த நம்பிக்கை பாதிதான் சரி என்று தெரிகிறது.

பம்பாயிலிருந்து கோடம்பாக்கத்துக்கு

எழுபதுகளில் சலீம்-ஜாவேத் எழுதிய இந்திப் படங்கள் தமிழுக்குப் பெரிய கதைக் களஞ்சியமாக இருந்தன. 1973இல் வந்த 'சஞ்சீர்' அமிதாப் பச்சனைக் கோபக்கார இளைஞனாக நிலைநிறுத்திய படம். அதில் அவர் பாடுவதில்லை, சிரிப்பதும் அபூர்வம். அடுத்த வருடமே எம்.ஜி.ஆர் நடிப்பில் அது தமிழுக்கு வந்தது. தலைப்பு 'சிரித்து வாழ வேண்டும்'. சிரிக்காத நாயகனின் கதைக்கு இப்படி ஒரு பெயர் வைத்ததிலேயே மாற்றத்தின் திசை தெரிந்துவிடுகிறது. இந்தியில் அமிதாப் செய்த இன்ஸ்பெக்டர் வேடம், பிரான் செய்த பட்டாணியர் வேடம் இரண்டையும் எம்.ஜி.ஆரே ஏற்றார்.

'சஞ்சீர்' படத்தில் போலீஸ் ஸ்டேஷனுக்கு வரும் பட்டாணியர் ஷேர் கான் நாற்காலியில் உட்காரப் போகும்போது இன்ஸ்பெக்டர் அதை எட்டி உதைக்கிறார். இரண்டு ஆண்களின் தன்மானம் உரசிக்கொள்ளும் அந்த நொடியில் தொடங்கும் பகை, பிறகு நட்பாகிறது. இரண்டு பக்கமும் ஒரே நடிகர் நின்றால் அந்த உரசலின் சூடு குறைந்து, இரட்டை வேடத் தந்திரத்தை ரசிப்பதாக ஆகிவிடுகிறது. ஆனால் எம்.ஜி.ஆர் ரசிகர் அந்த உரசலைத் தேடி வரவில்லை. தன் தலைவர் எந்த வேடத்தில் வந்தாலும் நல்லவராக இருப்பதைப் பார்க்க வந்தார். அந்த ரீமேக்கின் பலம் நட்சத்திரத்தின் ஒழுக்கப் பிம்பம். கதையின் உள்ளே இருந்த கோபம் நீர்த்துப்போனது பலவீனம். தமிழில் ஆக்‌ஷன் ரீமேக்கின் முதல் சூத்திரம் இங்கே உருவாகிவிட்டது: கதையை எடுத்துக்கொள், நாயகனின் அளவுக்குத் தைத்துக்கொள்.

சூத்திரம் சரியாகப் பொருந்திய இடம் 'பில்லா'. சந்திரா பாரோட் இயக்கிய 'டான்' 1978இல் வந்தது. ஆர். கிருஷ்ணமூர்த்தி இயக்கத்தில் ரஜினிகாந்த் நடித்த 'பில்லா' 1980 ஜனவரி 26 அன்று வெளியானது. கடத்தல் மன்னன் சாகிறான், அவனைப் போலவே இருக்கும் அப்பாவி ஒருவனை அந்த இடத்தில் உட்கார வைக்கிறார் போலீஸ் அதிகாரி. இந்த ரகசியம் தெரிந்த ஒரே ஆள் அந்த அதிகாரி. அவரும் கொல்லப்படுகிறார். இனி அந்த அப்பாவிக்குச் சாட்சி யாருமில்லை, போலீஸும் துரத்துகிறது, கும்பலும் துரத்துகிறது. இந்தக் கதைக்கு ஊரும் வேண்டாம், சாதியும் வேண்டாம், மண்வாசனையும் வேண்டாம். சாவி கொடுத்தால் தானே ஓடும் கட்டமைப்பு. அதனால்தான் தெலுங்கில் என்.டி.ஆர் நடித்த 'யுகந்தர்' (1979), மலையாளத்தில் மோகன்லால் நடித்த 'ஷோப்ராஜ்' (1986) என்று அது சுற்றிச் சுற்றி வந்தது. ரஜினிக்கோ அது ஆக்‌ஷன் நாயகன் என்ற பட்டயத்தையே தந்தது. அடுத்த வருடம் 'தீவார்' படத்தை 'தீ' என்று எடுத்ததும் அதே இயக்குநர், அதே நாயகன்தான்.

தோலை மாற்றுவதும் முடிச்சை மாற்றுவதும்

இருபத்தேழு வருடம் கழித்து 2007இல் விஷ்ணுவர்தன் அஜித்தை வைத்து 'பில்லா'வைத் திரும்ப எடுத்தார். முடிவு ஊருக்கே தெரிந்த கதையை எதற்காக மறுபடி சொல்ல வேண்டும்? சொல்லும் தோரணைக்காக என்பதுதான் அவருடைய பதில். கதை மலேசியாவுக்குப் போனது. நீரவ் ஷாவின் ஒளிப்பதிவில் படமே சாம்பலும் கறுப்புமாக ஆனது. பழைய படத்தின் டைரி போய்ப் பென் டிரைவ் வந்தது. தேங்காய் சீனிவாசன் செய்த, குழந்தைகளைத் தேடும் தகப்பன் பாத்திரத்துக்கு வேலையில்லாமல் போனது. பத்துமலை முருகன் சன்னிதியில் ஒரு பாட்டு வைத்தது நல்ல யோசனை. அயல்நாட்டு மோஸ்தருக்கு நடுவே கதை தமிழ் நிலத்தில் ஒரு கால் ஊன்றிக்கொண்டது அங்கேதான்.

போனது என்ன? 1980 படத்தின் ருசி பில்லாவிடம் பாதி, அப்பாவி ராஜப்பாவிடம் பாதி. விறைப்பான கடத்தல்காரனாக நடந்த அதே ரஜினி, வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு விழிக்கும் வெகுளியாகவும் வருகிறார். வெகுளி மாட்டிக்கொண்டானே என்ற பதைப்பு படத்தின் பின்பாதியைத் தாங்குகிறது. 2007இல் கோட்டு சூட்டு போட்ட பில்லாவின் நடையே படத்தை விழுங்கிவிட்டது. வேலு என்ற அப்பாவி மாட்டிக்கொள்வது நமக்குத் தெரிகிறது, ஆனால் அவனுக்காகப் பயம் வருவதில்லை. தோரணை ஜெயித்தது, பதைப்பு குறைந்தது.

இதற்கு ஒரு வருடம் முன்பு ஃபர்ஹான் அக்தர் ஷாருக் கானை வைத்து இந்தியில் 'டான்' எடுத்தபோது வேறு வழியைப் பிடித்தார். அப்பாவிதான் இறந்தான், டானே அப்பாவியாக நடித்துக்கொண்டிருந்தான் என்று முடிவைத் திருப்பிப் போட்டார். பழைய படத்தைப் பலமுறை பார்த்தவன்தான் அங்கே அதிகமாக ஏமாந்தான். ரசிகனுக்குக் கதை தெரியும் என்பதையே ஆயுதமாக்கிய ரீமேக் அது. தமிழில் தோலை மாற்றினார்கள், இந்தியில் முடிச்சை மாற்றினார்கள். தெரிந்த கதையைத் திரும்பத் தொடுபவர் இரண்டில் ஒன்றையாவது துணிந்து செய்ய வேண்டும். ஆனால் தோலை எப்படி வேண்டுமானாலும் மாற்றிவிட முடியாது. ராம் கோபால் வர்மா 'ஷோலே'யை 2007இல் மும்பை நிழலுலகத்துக்கு மாற்றிப் பார்த்தார். அதன் வில்லன் கப்பர் சிங்கின் பயங்கரம் அந்தக் கரடுமுரடான பாறைகளோடும், ஆளரவமற்ற வெளியோடும், போலீஸ் எட்டாத கிராமத்தோடும் ஒட்டிப் பிறந்தது. நகரத்தில் கொண்டுவந்து வைத்ததும் அவன் பல தாதாக்களில் ஒருவனாகச் சுருங்கிப்போனான்.

சார்மினாரும் கலங்கரை விளக்கமும்

'கில்லி'யின் மூலம் குணசேகர் இயக்கி மகேஷ் பாபு நடித்த 'ஒக்கடு' (2003). ஹைதராபாத் பழைய நகரத்துக் கபடி வீரன் ஒருவன் கர்னூலுக்குப் போகிறான். அங்கே ராயலசீமை ஃபேக்‌ஷன் தலைவன் ஒருவனிடம் சிக்கித் தவிக்கும் பெண்ணைக் காப்பாற்றித் தன் வீட்டில் ஒளித்து வைக்கிறான். கர்னூலின் கொண்டா ரெட்டி புருஜும் ஹைதராபாத் சார்மினாரும் அந்தப் படத்தின் இரண்டு தூண்கள். ராயலசீமையின் ஃபேக்‌ஷன் பகை தலைமுறை தலைமுறையாக வருவது. அதற்கென்று தெலுங்கு சினிமாவில் ஒரு தனி மரபே உண்டு. அதை அப்படியே பெயர்த்துத் தமிழ்நாட்டில் வைக்க இடமில்லை.

'கில்லி'யை இயக்கிய தரணி அப்படி வைக்கவில்லை. கர்னூலுக்குப் பதில் மதுரை, ஹைதராபாத்துக்குப் பதில் சென்னை, சார்மினாருக்குப் பதில் மெரினா கலங்கரை விளக்கம் என்று மூன்றையும் மாற்றினார். இதை வெறும் இட மாற்றம் என்று கடந்து போகக் கூடாது. ஃபேக்‌ஷன் தலைவனின் பரம்பரைப் பகை தமிழில் ஒருதலைக் காதலின் வெறியாக முன்னுக்கு வந்தது. வில்லன் முத்துப்பாண்டி ஊரையே நடுங்க வைப்பவன், நாயகி தனலட்சுமியிடம் மட்டும் 'செல்லம்' என்று குழைகிறான். கொஞ்சலும் மிரட்டலும் ஒரே வார்த்தைக்குள் இருப்பதுதான் பிரகாஷ்ராஜ் செய்த வேலை. ரசிகன் சிரிக்கிறான், அடுத்த நொடி அந்தப் பெண்ணுக்காகப் பயப்படுகிறான். மதுரைத் தெருவில் அத்தனை பேர் பார்க்க நாயகன் வேலு அவனை மடக்கும் காட்சியில் விழும் அடியைவிட, முத்துப்பாண்டியின் முகத்தில் ஏறும் அவமானம்தான் படத்தை அடுத்த ஒன்றரை மணி நேரம் ஓட்டுகிறது. தன் கோட்டைக்குள், தன் ஆட்கள் முன்னால், எவனென்றே தெரியாத ஒருவனிடம் தோற்றவன் இனிச் சும்மா இருக்க மாட்டான் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அதன் மறுபக்கம் சென்னை வீடு. மாடி அறையில் அந்தப் பெண், கீழே ஒன்றும் அறியாத அம்மா, துருவித் துருவி வேவு பார்க்கும் தங்கை, அதே பெண்ணைத் தேடும் வழக்கில் ஓடிக்கொண்டிருக்கும் போலீஸ் அப்பா. ஆக்‌ஷன் படத்தின் நடுவில் ஒரு நடுத்தரக் குடும்பத்து நாடகம் இது. ஆளைக் கொல்லும் வில்லனுக்கு அஞ்சாதவன் அப்பாவின் செருப்புச் சத்தத்துக்கு அஞ்சுகிறான். இந்தக் கட்டம் 'ஒக்கடு'விலும் உண்டு. பரதனின் வசனமும் அந்த நடிகர்களின் பேச்சு ராகமும் சேர்ந்து தமிழில் அதை நம் பக்கத்து வீடாக்கின. வித்யாசாகர் போட்ட பாட்டுகளும் இந்த ஊர்க் காதுக்கென்றே வந்தவை.

குறையும் உண்டு. மதுரை என்றால் அரிவாள், மதுரைக்காரன் என்றால் முரடன் என்ற சித்திரத்தை இறுக்கியதில் 'கில்லி'க்குப் பங்கு உண்டு. ஒரு வட்டாரத்தின் வரலாற்றோடு பிணைந்த வன்முறையை இன்னொரு வட்டாரத்துக்கு மாற்றும்போது வரலாறு பின்தங்கி வன்முறை மட்டும் வந்து சேர்கிறது. வாங்கிய ஊர் அந்தப் பெயரைப் பல வருடம் சுமக்கிறது.

இதே கதை 2015இல் 'தேவர்' என்ற இந்தித் தலைப்போடு மதுராவுக்கும் ஆக்ராவுக்கும் போனது. மனோஜ் பாஜ்பாய் வில்லனாக நன்றாகவே செய்தார். ஆனால் நாயகன் அர்ஜுன் கபூர் தான் சல்மான் கானின் ரசிகன் என்று ஆடிப்பாடிக்கொண்டு வந்தார். தனக்கென்று ஒரு முகம் இல்லாமல் இன்னொரு நட்சத்திரத்தின் நிழலில் நிற்கும் நாயகன், வில்லனுக்கு எதிரே எப்படி நிறைவான்? மூலம் வந்து பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது. அந்த வகைக் கதையும் அதற்குள் பலமுறை அரைத்த மாவாகிவிட்டது.

நாயகன் மாறலாம், வில்லன்?

ஒரு விஷயத்தைக் கவனிக்கலாம். 'ஒக்கடு'விலும் 'கில்லி'யிலும் வில்லன் பிரகாஷ்ராஜ். பூரி ஜெகன்னாத்தின் 'போக்கிரி' (2006), பிரபுதேவா இயக்கிய தமிழ்ப் 'போக்கிரி' (2007), அதே பிரபுதேவா சல்மான் கானை வைத்து எடுத்த 'வான்டட்' (2009) மூன்றிலும் வில்லன் பிரகாஷ்ராஜ். 'சிங்கம்' (2010), அதன் இந்தி வடிவம் 'சிங்கம்' (2011) இரண்டிலும் அவரே. முருகதாஸின் தமிழ் 'கஜினி'யிலும் (2005) இந்தி 'கஜினி'யிலும் (2008) வில்லன் பிரதீப் ராவத். மகேஷ் பாபு, விஜய், சல்மான், சூர்யா, அஜய் தேவ்கன், ஆமிர் கான் என்று நாயகர்கள் மாறிக்கொண்டே இருக்க, எதிர்ப்பக்கம் மட்டும் மாறவில்லை.

பல மொழி பேசத் தெரிந்த நடிகர் என்பது வசதியான காரணம். அதற்கும் மேலே ஒன்று உண்டு. நாயகனின் பலம் ரசிகர் மனத்தில் ஏற்கெனவே இருக்கிறது, அதை நட்சத்திரம் தன்னோடு கொண்டுவருகிறார். பகையின் பலத்தைப் படம்தான் உண்டாக்க வேண்டும். அதைத் தூக்கிச் சுமப்பவர் வில்லன் நடிகர். இந்தி 'கஜினி'யில் இதற்கு ஓர் அத்தாட்சி கிடைக்கிறது. தமிழில் கஜினி என்ற பெயரில் யாருமே கிடையாது. திரும்பத் திரும்பப் படையெடுத்து வந்த கஜினி முகமதுவை நினைவூட்டும் தலைப்பு அது, நாயகனின் விடாமுயற்சியைக் குறிப்பது. இந்தியில் அந்தப் பெயரை வில்லனுக்கே சூட்டினார்கள். தமிழில் ராம், லட்சுமண் என்று இரட்டையராக இருந்த வில்லனை ஒருவனாக்கினார்கள். பகை ஒரே முகத்தில் குவிந்தது, இறுதிக் கட்டமும் அதற்கேற்ப மாறியது. பதினைந்து நிமிட நினைவு, போலராய்டு, பச்சை குத்தல் ஆகியவற்றைக் கிறிஸ்டோபர் நோலனின் 'மெமென்டோ'விலிருந்து (2000) எடுத்த கதை அது. ஆனால் நாயகி கல்பனாவோடான காதலுக்கு முருகதாஸ் நீண்ட நேரம் ஒதுக்கினார். அசினை இந்தியிலும் விடாமல் வைத்துக்கொண்டார். கல்பனாவை நாம் நேசித்தால்தான் நாயகன் சஞ்சய்யின் வெறி நமக்குப் புரியும். இந்தியில் உள்நாட்டு வசூலாக முதன்முதல் நூறு கோடியைத் தொட்ட படம் என்ற பெயர் அதற்குக் கிடைத்தது.

ஹரியின் 'சிங்கம்' இன்னும் துல்லியமான பாடம். ஒன்றரை டன் அடியைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். பகை பிறப்பது என்னவோ ஒரு கையெழுத்தில். நிபந்தனை ஜாமீனில் வந்த சென்னைத் தாதா மயில்வாகனம், நல்லூர் போலீஸ் ஸ்டேஷனில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். தன் ஆளை அனுப்பி வேலையை முடிக்கப் பார்க்கிறான். நேரில் வந்தே ஆக வேண்டும் என்கிறார் சப்-இன்ஸ்பெக்டர் துரைசிங்கம். ஊரே ஆட்டம் காணும் தாதா, வரைபடத்தில் தேட வேண்டிய ஒரு ஊரில் வந்து நின்று பேனா பிடிக்க வேண்டியிருக்கிறது. சட்டத்தின் ஒரு சாதாரண நடைமுறை இருவருக்கும் மானப் பிரச்சினையாகிவிட்டது. ஜாமீனில் வந்தவன் ஸ்டேஷனில் கையெழுத்துப் போடுவதை இந்தியாவில் எந்த ஊர்க்காரனுக்கும் விளக்க வேண்டியதில்லை. இந்தப் பொறி அப்படியே கோவாவுக்குப் போய்ப் பற்றிக்கொண்டது.

இந்தி வடிவத்தை இயக்கிய ரோஹித் ஷெட்டி அதோடு நிற்கவில்லை. பொய்க் குற்றச்சாட்டால் மனமுடைந்து ஒரு நேர்மையான இன்ஸ்பெக்டர் தற்கொலை செய்துகொள்வதில் தன் படத்தைத் தொடங்கினார். முடிவில் போலீஸ் துறையே திரண்டு வில்லனை எதிர்கொள்வதாக மாற்றினார். தமிழில் ஒற்றை மனிதனின் வீரமாக இருந்தது இந்தியில் ஒரு துறையின் குற்ற உணர்வாகவும் ஆனது. நாயகன் மராட்டியில் கொதிப்பதும் மண்ணோடு ஒட்ட உதவியது. தமிழ்ச் 'சிங்கம்' மளிகைக் கடைக் குடும்பத்துப் பிள்ளையின் கதையாகத் தொடங்கும். அந்தச் சுவை அங்கே இல்லை. அதற்கு ஈடாக வேறொன்று கிடைத்தது. 'சிம்பா', 'சூர்யவன்ஷி' என்று இந்தியில் ஒரு போலீஸ் பட வரிசையே அந்த விதையிலிருந்து கிளைத்தது. ஆனால் போலீஸே தீர்ப்பெழுதிச் சுட்டுவிடுவதைக் கைதட்டி ரசிக்கும் பழக்கத்தையும் சேர்த்தேதான் அந்த ரீமேக் பரப்பியது. விமர்சகர்கள் இதை மூலப்படத்திடம் கேட்டதைவிட ரீமேக்கிடம்தான் அதிகம் கேட்டிருக்க வேண்டும். மாற்றி எழுத வாய்ப்புக் கிடைத்தது அதற்குத்தானே.

'கைதி'யும் 'போலா'வும்

ரீமேக்கின் பலவீனங்களை நெருக்கத்தில் பார்க்க 'கைதி'யையும் (2019) 'போலா'வையும் (2023) பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாம். லோகேஷ் கனகராஜின் படத்தில் நாயகி இல்லை, பாட்டு இல்லை, கதை முழுவதும் ஒரே இரவு. ஆயுள் தண்டனையிலிருந்து வெளியே வந்த டில்லி இதுவரை பார்த்தேயிராத தன் மகளைப் பார்க்கப் போகிறான். விருந்தில் விஷம் கலக்கப்பட்டு மயங்கிக் கிடக்கும் போலீஸ்காரர்களை லாரியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். அதிகாரி பிஜோய்க்குக் கையில் காயம், ஓட்ட முடியாது. இன்னொரு பக்கம் பழைய கமிஷனர் அலுவலகத்தில் அன்றுதான் மாற்றலாகி வந்த கான்ஸ்டபிள் நெப்போலியனும் சில கல்லூரி மாணவர்களும் ஒரு கும்பலை உள்ளே விடாமல் தாக்குப்பிடிக்க வேண்டும்.

இதில் சண்டைக்கு முன்னால் வரும் காட்சிகள்தான் சண்டைக்குப் பலம். டில்லி பிரியாணி சாப்பிடும் இடத்தைப் பாருங்கள். சுற்றிலும் பதற்றம், ஆட்கள் உயிருக்குப் போராடுகிறார்கள், அவனோ வாளியிலிருந்து அள்ளிப் போட்டுக்கொண்டு நிதானமாகச் சாப்பிடுகிறான். எவ்வளவு காலம் ஜெயில் சோறு தின்றிருப்பான் என்பது அந்தக் கவளத்தின் அளவிலேயே தெரிந்துவிடும். அவனுடைய கடந்த காலத்தை ஃபிளாஷ்பேக் போட்டுக் காட்டவில்லை. லாரியில் உட்கார்ந்தபடி, டில்லியாக நடிக்கும் கார்த்தி தன் வாயால் சொல்கிறார், கேமரா அவர் முகத்தை விட்டு நகர்வதில்லை. மனைவியை நாம் பார்க்கவே இல்லை, அதனாலேயே அவள் இழப்பு பெரிதாகிறது. பிறகு நெற்றியில் திருநீற்றை அள்ளிப் பூசிக்கொண்டு அவன் எழும்போது அடிதடிக்கான நியாயம் முழுதாகச் சேர்ந்திருக்கிறது.

அஜய் தேவ்கன் தானே இயக்கி நடித்த 'போலா', முப்பரிமாணத்திலும் வெளியான பிரம்மாண்டம். பிஜோய் பாத்திரத்தைத் தபு நடிக்கும் டயானா ஜோசப் என்ற பெண் அதிகாரியாக மாற்றியது நிஜமான யோசனை. கைதிக்கும் அதிகாரிக்கும் இடையில் இருந்த ஆண்-ஆண் முறுக்கு வேறு நிறம் எடுக்கிறது. தபு அதைச் சுமக்கக்கூடியவர். கான்ஸ்டபிளாக வரும் சஞ்சய் மிஸ்ராவும் மூலத்தில் நடித்த ஜார்ஜ் மரியானைப் பிரதி எடுக்காமல் தன் வழியில் செய்கிறார். தீபக் டோப்ரியாலும் தன் வில்லன் வித்தியாசமாக இருக்க வேண்டும் என்று உழைத்திருக்கிறார். இவை பலங்கள்.

பலவீனம் எல்லாவற்றையும் பெருக்கியதில் இருக்கிறது. நாயகன் வருவதற்கு முன்பே ஒரு நீண்ட துரத்தல். டில்லி வாயால் சொன்னதை இங்கே காட்சியாக, கல்யாணமும் பாட்டுமாக அமலா பாலை வைத்துக் காட்டிவிட்டார்கள். திருநீறு இருந்த இடத்தில் திரிசூலம். மூலத்தில் சாதாரண லாரி டிரைவர் போலத் தெரிந்து, அடி விழும்போதுதான் யாரென்று வெளிப்பட்டவன், இங்கே முதலிலிருந்தே தெய்வாம்சம் பொருந்தியவன். அவனுக்கு ஏதும் ஆகிவிடுமோ என்று யாரும் பயப்படப் போவதில்லை. ஒரே இரவு என்ற நெருக்கடியின் உயிர் அந்த பயத்தில்தான் இருந்தது. கதை அதுவே, சம்பவங்கள் பெரும்பாலும் அவையே, ஆனால் பிரியாணிக்கு இருந்த கனம் பீரங்கிக்கு வரவில்லை.

மூலத்தைப் படைத்தவரே திரும்ப எடுத்தால்

மூல இயக்குநரே எடுத்தால் ஆன்மா தப்பிவிடும் என்று ஒரு கருத்து உண்டு. 'கஜினி' அதற்குச் சாட்சி. மும்பையிலேயே நடக்கும் 'துப்பாக்கி'யை (2012) முருகதாஸ் 'ஹாலிடே' (2014) ஆக்கியபோது ஊர்ப் பிரச்சினையே எழவில்லை. புஷ்கர்-காயத்ரியின் 'விக்ரம் வேதா' (2017; இந்தி 2022) எதிர்ச்சாட்சி. கட்டுமானம் கிட்டத்தட்ட அப்படியே போனது, வடசென்னைக்குப் பதில் லக்னோவும் கான்பூரும் வந்தன, ஹிருத்திக் ரோஷனும் சைஃப் அலி கானும் குறை வைக்கவில்லை. ஆனாலும் எதிர்பார்த்த அளவுக்கு ஓடவில்லை. விஜய் சேதுபதியின் வேதா கையில் வடையோடு சாவகாசமாக நடந்து வந்து சரணடைவான். பக்கத்துத் தெருவில் பார்க்கக்கூடிய உடம்பு, பேச்சு, நடை. இவனா இத்தனை கொலை செய்தவன் என்ற திகைப்பிலிருந்துதான் அவன் சொல்லும் கதைகளுக்குக் காது கொடுக்கத் தோன்றும். ஹிருத்திக் வந்து நின்றாலே நாயகன் வந்துவிட்டான். யார் நல்லவன் யார் கெட்டவன் என்று படம் போடும் புதிரில் பாதியை அந்த உடம்பே அவிழ்த்துவிடுகிறது. நடிப்பில் கோளாறு இல்லை, பொருத்தத்தில்தான்.

வெளியூர்ச் சாட்சிகள்

இது நம் ஊருக்கு மட்டும் உரிய வியாதி இல்லை. அகிரா குரோசாவாவின் 'யோஜிம்போ' (1961) செர்ஜியோ லியோனியின் கையில் 'எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்' (1964) ஆனது, அனுமதி வாங்காமலே. வழக்கு வந்து, கடைசியில் பணம் கொடுத்துத் தீர்க்க வேண்டியிருந்தது. சட்டப்படி திருட்டு, கலைப்படி வெற்றி. வாளுக்குத் துப்பாக்கி என்று மாற்றியதோடு நில்லாமல், அந்த எல்லையோர ஊரின் பேராசையையும் புழுதியையும் லியோனி தன் நிதானத்தில் படைத்துக்கொண்டார். ஹாங்காங்கின் 'இன்ஃபெர்னல் அஃபேர்ஸ்' (2002) மார்ட்டின் ஸ்கார்செஸியின் 'தி டிபார்ட்டட்' (2006) ஆகி, சிறந்த படத்துக்கான ஆஸ்கரையே வாங்கியது. மூலம் ஒன்றே முக்கால் மணி நேரத்துக்கும் குறைவு, ரீமேக் இரண்டரை மணி நேரம். அந்தக் கூடுதல் நேரம் பாஸ்டன் நகரத்து ஐரிஷ் குடும்பங்களின் விசுவாசம், வசை, மதம், வர்க்கம் ஆகியவற்றுக்குப் போனது. மூலத்தின் இறுக்கம் தளர்ந்தது உண்மை. ஆனால் துரோகத்துக்குச் சொந்தமாக ஓர் ஊர் கிடைத்தது.

மறுபக்கம் 'ரோபோகாப்'. பால் வெர்ஹோவனின் 1987 படத்தில் போலீஸ்காரன் மர்ஃபி கொடூரமாகக் கொல்லப்பட்டு, நினைவழிந்த இயந்திரமாக எழுந்து, தான் யாரென்று துண்டுதுண்டாகக் கண்டுபிடிக்கிறான். ஜோசே பாடில்யாவின் 2014 வடிவத்தில் அவனுக்குத் தான் யாரென்று கண் விழித்ததுமே தெரியும், மனைவியும் மகனும் பக்கத்திலேயே இருக்கிறார்கள். ராணுவ டிரோன்கள், தொலைக்காட்சி வெறுப்புப் பேச்சு என்று காலத்துக்கேற்ற கேள்விகள் அதில் உண்டு. சிந்தனையில் மூலத்துக்குப் பெரிதாகக் குறைந்ததில்லை. இரத்தத்தைத் துடைத்து இளையோரும் பார்க்கும்படி சுத்தம் செய்தபோது அவன் இழந்தது என்ன என்ற வலியும் சேர்ந்து துடைக்கப்பட்டது. பழிவாங்க வேண்டிய அளவுக்கு அவனுக்குப் பகையும் மிஞ்சவில்லை.

மாறிய சந்தை

அழகியல் ஒருபுறம் இருக்க, கணக்கும் மாறிவிட்டது. 'வான்டட்', 'கஜினி', 'சிங்கம்' ஓடிய நாட்களில் இந்தி ரசிகருக்கு மூலம் எளிதில் கிடைக்காது. பிறகு தென்னிந்திய ஆக்‌ஷன் படங்களின் இந்தி டப்பிங் டி.வி.யிலும் யூடியூபிலும் கொட்டிக் கிடந்தன. 'புஷ்பா', 'ஆர்.ஆர்.ஆர்', 'கே.ஜி.எஃப் 2' நேராகவே வடக்கே ஓடின. மூலத்தைக் கைப்பேசியில் பார்த்தவரிடம் ரீமேக்கை விற்பது கடினம். 'கைதி', 'விக்ரம் வேதா', 'தெறி' ஆகியவற்றின் இந்தி ரீமேக்குகள் இந்தச் சுவரில் மோதின. தெலுங்கில் சிரஞ்சீவியை வைத்துத் தமிழ் 'வேதாளம்' கதையை 'போலா சங்கர்' (2023) என்று எடுத்ததும் கரைசேரவில்லை. அட்லீயையே எடுத்துக்கொள்வோம்: ஷாருக் கானுக்கு அவர் புதிதாக எழுதிய 'ஜவான்' (2023) உலகளவில் ஆயிரம் கோடியைத் தாண்டியது, அவருடைய பழைய கதையின் ரீமேக் தோற்றது. 'ஜவான்' முழுக்கப் புதுச் சரக்கு என்று யாரும் சொல்ல மாட்டார்கள், பல பழைய படங்களின் வாடை அதில் உண்டு. ஆனால் அந்த நடிகருக்காக, அந்தச் சந்தைக்காக எழுதப்பட்டது.

ஆகவே சந்தை மாறியதுதான் காரணம், படைப்பில் பிழையில்லை என்று சொல்லிவிடலாமா? முடியாது. அசலைப் பலமுறை பார்த்தவர்களும் 2006இன் 'டான்'னுக்குப் போனார்கள். தெரிந்த கதை தடையாவது, அதில் தெரியாத எதுவும் சேராதபோதுதான்.

எடை போட்டால்

ஆக்‌ஷன் ரீமேக்கின் பலங்கள் உண்மையானவை. சோதித்துப் பார்த்த திரைக்கதைக் கட்டு கிடைக்கிறது. ஒரு நட்சத்திரத்தைப் புது வழியில் திருப்ப அது உதவும், ரஜினியையும் சல்மானையும் திருப்பியிருக்கிறது. மூலத்தின் ஓட்டைகளை அடைக்க வாய்ப்புத் தருகிறது. இந்தி 'சிங்கம்' படத்தின் முடிவு, இந்தி 'கஜினி'யின் ஒற்றை வில்லன், 'போலா'வின் பெண் அதிகாரி மூன்றும் அந்த வாய்ப்பைப் பயன்படுத்தியவை. பலவீனங்கள் பெரும்பாலும் ஒரே தவறான கணிப்பிலிருந்து கிளைக்கின்றன: மூலம் ஓடியது அதன் சண்டைக்காக என்ற கணிப்பு. அப்படி எண்ணியவர் சண்டையைப் பெரிதாக்குகிறார், நாயகனை உயரத் தூக்குகிறார், மௌனமாக இருந்ததை ஃபிளாஷ்பேக்காக விரிக்கிறார். ஸ்டன்ட் மாஸ்டரை எங்கிருந்தும் வரவழைக்கலாம். ஒரு தாதா எதை அவமானமாக எண்ணுவான், ஒரு கைதி எதைப் பசியோடு சாப்பிடுவான், ஒரு வீட்டில் யாருக்குத் தெரியாமல் யாரை ஒளிக்க முடியும் என்பதெல்லாம் அந்தந்த ஊரில் விசாரித்துத்தான் எழுத வேண்டும்.

ரீமேக் உரிமை வாங்கப் போகும் தயாரிப்பாளருக்கு ஒரு சின்னச் சோதனை போதும். சண்டைக் காட்சிகள் அத்தனையையும் நீக்கிவிட்டு மீதிக் கதையைத் தன் ஊர்க்காரர் ஒருவரிடம் சொல்லிப் பார்க்கட்டும். இவன் அவனை ஏன் அடிக்க வேண்டும் என்று கேட்பவருக்கு விளங்கினால் துணிந்து எடுக்கலாம். விளங்கவில்லை என்றால் ஃபைட்டர்களின் எண்ணிக்கையைக் கூட்டுவது வீண் செலவு. எழுத்தாளரை மறுபடி உட்கார வைப்பதுதான் வழி. செலவும் அதில்தான் குறைவு.